பல வருஷமாக விடாத மந்தம்: இது நோயா, என் சுபாவமா?

#1 துவாஸ்_கிடங்கு (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். இங்கே படித்துவிட்டுப் பேசாமல் போகிறவன் நான். எழுதுவது இதுதான் முதல் தடவை.

வயது 41. துவாஸில் கிடங்கு மேற்பார்வையாளர் வேலை. ஜூரோங் வெஸ்டில் நாலறை வீவக வீடு, மனைவி, ஒன்பது வயதில் ஒரு மகள். குடியில்லை, கடன் தொல்லை இல்லை. குறை சொல்ல ஒன்றும் கிடையாது.

போன மாதம் மகளின் பள்ளி வேலைக்காகப் பழைய குடும்பப் படங்களைத் தேடினோம். மனைவி கைத்தொலைபேசியில் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தாள். முதல் பிறந்தநாள், மூன்றாவது, ஐந்தாவது, தீபாவளி, செந்தோசா. எல்லாவற்றிலும் நான் இருக்கிறேன். மகளின் கையோடு சேர்த்துக் கேக் கத்தியைப் பிடித்திருக்கிறேன். "எல்லாத்திலயும் கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்க வந்த மாதிரியே நிக்கிறீங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இன்னும் நாலைந்து படம் தள்ளியதும் அவள் சிரிப்பும் நின்றுவிட்டது.

நான் அழுவதில்லை. வேலைக்கு மட்டம் போடுவதில்லை. சாக வேண்டும் என்று நினைத்ததும் இல்லை. ஆனால் காலை 5.45-க்கு அலாரம் அடித்ததும் வரும் முதல் நினைப்பு, இன்றைக்கு எத்தனை மணிக்குத் திரும்பப் படுக்கலாம் என்பதுதான். கோப்பிக் கடையில் என்ன சாப்பிடுவது என்று முடிவெடுக்க வராது. வரிசையில் எனக்கு முன்னால் நிற்பவர் வாங்குவதையே நானும் வாங்குவேன். சம்பள உயர்வு வந்தபோதும் "சரி" என்றுதான் தோன்றியது.

எப்போதிலிருந்து என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. தேசிய சேவையிலேயே எனக்கு 'உம்மணாமூஞ்சி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அம்மாவைக் கேட்டால், "நீ உங்கப்பா மாதிரி, பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான்" என்கிறார்.

இது நோயா, சுபாவமா? சுபாவம் என்றால் டாக்டரிடம் போய் என்ன சொல்வது?

#2 ஈசூன்_தே_ஓ

நாற்பதைத் தாண்டினால் எல்லாருக்கும் இப்படித்தான் லா. ஒரு வாரம் லீவு போட்டுக் குடும்பத்தோடு மலாக்கா போய் வாருங்கள். நம் அப்பாமார்கள் இதற்கெல்லாம் பெயர் வைத்துக்கொண்டிருக்கவில்லை.

#3 அரைக்கதவு

மனநலத் துறையில் ஆலோசகராக இருக்கிறேன். யாரையும் பார்க்காமல் இன்ன நோய் என்று சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் சகோதரரே, நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்த பெயர் டிஸ்தைமியா, அதாவது வருஷக்கணக்கில் விடாமல் இருக்கும் மனச்சோர்வு.

1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில்தான் அந்தப் பெயர் ஏறியது. அதுவரை மருத்துவர்களிலேயே பலர் இதை ஒருவரின் குணம் என்றுதான் நினைத்தார்கள், உங்கள் அம்மா சொல்வது போலவே. 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் இதையும் நாள்பட்ட பெருமனச்சோர்வையும் ஒன்றாக்கி 'நீடித்த மனச்சோர்வுக் கோளாறு' என்று வைத்தார்கள். பெயர் எதுவானாலும் அடையாளம் காலம்தான். பெரியவர்களுக்குக் குறைந்தது 2 ஆண்டு, நாளின் பெரும்பகுதி, பாதிக்கு மேற்பட்ட நாட்களில் மனம் தாழ்ந்தே இருக்க வேண்டும். நடுவில் சேர்ந்தாற்போல் 2 மாதத்துக்கு மேல் விட்டிருக்கக் கூடாது. பிள்ளைகளுக்கும் பதின்ம வயதினருக்கும் 1 ஆண்டு போதும். அவர்களிடம் இது சோகமாக இல்லாமல் எரிச்சலாகவும் தெரியலாம்.

இதோடு ஆறில் இரண்டாவது இருக்க வேண்டும்: பசி குறைவது அல்லது கூடுவது, தூக்கம் கெடுவது அல்லது தூங்கிக்கொண்டே இருப்பது, அசதி, தன்னைப் பற்றித் தாழ்வான எண்ணம், கவனம் நிற்காமலோ முடிவெடுக்க முடியாமலோ போவது, இனி ஒன்றும் மாறாது என்ற நினைப்பு. வரிசையில் முன்னால் நிற்பவர் வாங்குவதையே வாங்குகிறேன் என்றீர்களே, அந்த ஐந்தாவதைப் பாடப்புத்தகத்தில்கூட இவ்வளவு தெளிவாக எழுதியிருக்க மாட்டார்கள்.

சுபாவமா என்ற கேள்விக்கு வருகிறேன். 21 வயதுக்குள் தொடங்குகிறவர்கள் நிறையப் பேர். அந்த வயதில் தொடங்கிவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்க 'அதற்கு முந்தைய நான்' என்று ஒருவன் ஞாபகத்திலேயே இருக்க மாட்டான். வீட்டுக்காரர்களும் பார்த்ததெல்லாம் இந்த ஆளைத்தான். அதனால்தான் யாரும் கூட்டிக்கொண்டு போவதில்லை.

ஈசூன் நண்பருக்கு ஒரு வார்த்தை. மலாக்காவில் எடுக்கும் படத்திலும் அந்தக் கடவுச்சீட்டு முகம்தான் இருக்கும்.

#4 ஓய்வுபெற்ற_வாத்தியார்

சொல் சண்டைக்கு வரவில்லை, ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. செய்தியில் 'மன அழுத்தம்' என்று வந்தால் அது வேலை நெருக்கடியா, இந்த நோயா என்று எனக்கு இன்றுவரை புரிவதில்லை. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடுகிறார்கள். நெருக்கடி போனால் அழுத்தம் போய்விடும். மனச்சோர்வு அப்படிப் போகாது. இரண்டையும் ஒன்றாக்கினால் 'ரெண்டு நாள் லீவு போடு' என்பதுதான் வைத்தியம் என்று ஆகிவிடும். தே ஓ தம்பி மேல் எனக்குக் கோபமில்லை, சொல் அவரை அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டது.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். நம் ஆட்கள் டாக்டரிடம் போய் மனசைப் பற்றிப் பேச மாட்டார்கள். "உடம்பு அசதி, தலைபாரம், முதுகு வலி" என்பார்கள். அதுவும் பொய்யில்லை, உடம்பு வலிக்கத்தான் செய்யும். டாக்டரும் பெனடால் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

#5 செங்காங்_மகள்

அழாமல் எழுதப் பார்க்கிறேன்.

இது என் அம்மாவின் கதை. நான் பிறந்ததிலிருந்து அம்மா 'அழுத்தக்காரி'. வாய் திறந்து பேச மாட்டார், கல்யாண வீட்டில் மூலையில் உட்காருவார், "எனக்கு எதுக்கு" என்பார். அத்தைமார்கள் திமிர் என்றார்கள். 58 வயதில் நீரிழிவுப் பரிசோதனைக்குப் பலதுறை மருந்தகத்துக்குப் போனபோது, தாதி இரண்டே கேள்வி கேட்டார். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து இருந்ததா? அம்மா, "ரெண்டு வாரம் என்னம்மா, கல்யாணம் ஆனதுலேர்ந்து இருக்கு" என்றார். மொழிபெயர்க்கக் கூடவே உட்கார்ந்திருந்தேன். அந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் ஆயிற்று.

மாத்திரை கொடுத்தார்கள். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. வாந்தி வருகிறது என்று இரண்டு தடவை நிறுத்தப் பார்த்தார். மூன்றாவது மாதம் ஒரு சனிக்கிழமை நான் எழுந்து வரும்போது சமையலறையில் ஒலி 96.8 பாடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் வானொலி கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது! அம்மா பாட்டோடு சேர்ந்து பாடவெல்லாம் இல்லை, வெங்காயம்தான் நறுக்கிக்கொண்டிருந்தார். ஆனால் திறந்துவைத்தது அவர்தானே.

கோபம் வருகிறது. முப்பது வருஷத்துக்கு முன்னால் யாராவது அந்த இரண்டு கேள்வியைக் கேட்டிருக்கலாம்.

#6 வேலும்_மயிலும்

சகோதரருக்கு. எல்லாவற்றையும் முருகனிடம் விட்டுவிடுங்கள். தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருந்து பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை ஒரு பால்குடம் எடுங்கள். மாத்திரைக்குப் போனால் ஆயுசுக்கும் அடிமை. என் நண்பர் ஒருவருக்குத் தூக்க மாத்திரை இல்லாமல் இன்று உறக்கம் வராது.

#7 மருந்து_அலமாரி

நான் மருந்தாளர். தங்கள் நண்பர் சாப்பிடுவது தூக்க மாத்திரை ஐயா. பென்சோடையசிபின் வகையாக இருந்தால் அது பழக்கமாகத்தான் செய்யும். மனச்சோர்வுக்கு முதலில் கொடுப்பது வேறு வகை: செர்ட்ராலின், எஸ்சிட்டாலோபிராம், ஃபுளூவாக்சிடின் போன்றவை. இவற்றில் போதை கிடையாது, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்ற ஏக்கமும் வராது. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் சுரீரென்று பாய்வது போன்ற உணர்வெல்லாம் வரும். அதனால் மருத்துவர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

முகப்பில் நின்று தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன். முதல் ஒன்றிரண்டு வாரம் பக்கவிளைவு மட்டும்தான் தெரியும்: குமட்டல், வயிற்றுக் கோளாறு, தலைவலி. பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். அதாவது கெட்டது முதலில் வரும், நல்லது பிறகு வரும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பத்தாம் நாள் மாத்திரை குப்பைக்குப் போய்விடும். தாம்பத்திய நாட்டம் குறைவதும் உண்டு. ஆண்கள் இதைக் கேட்க வெட்கப்பட்டு, சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிடுகிறார்கள். கேளுங்கள், மருந்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம்.

இன்னும் சில. 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று வீட்டில் கவனிக்க வேண்டும். முன்பு எப்போதாவது சில நாட்கள் தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய துறுதுறுப்போடு இருந்திருந்தால், மாத்திரை தொடங்குமுன் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அது இருமுனைக் கோளாறாக இருந்தால் வைத்தியமே வேறு. 'செயின்ட் ஜான்ஸ் வோர்ட்' என்று மூலிகைக் கடையில் கிடைப்பதை இந்த மாத்திரைகளோடு சேர்க்கவே கூடாது.

முக்கியமானதை விட்டுவிட்டேனே. முதலில் ரத்தம் கொடுங்கள். தைராய்டு மந்தமாக இருந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே அசதி, இதே மந்தம் வரும். சுத்த சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12-ஐயும் பார்க்கச் சொல்லுங்கள்.

#8 அரைக்கதவு

வேலும் மயிலும் ஐயா சொன்னதை முழுக்கத் தள்ளிவிட வேண்டாம். 48 நாள் ஒரு ஒழுங்கு, காலையில் எழுந்து குளிப்பது, நாலு பேரோடு பேசுவது, அத்தனை தூரம் வெயிலில் நடப்பது. மனம் வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருக்காமல் முதலில் செய், மனம் பின்னால் வரும் என்பதுதான் நாங்கள் சொல்லிக்கொடுக்கும் 'செயலூக்க' முறையும். பால்குடமும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று பகையில்லை. மாத்திரையை நிறுத்தினால்தான் விரதம் என்று யாரும் சொல்லாதவரை சரி.

#9 துவாஸ்_கிடங்கு

போனேன்.

ஹெல்த்ஹப் செயலியில் முன்பதிவு செய்து, அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே உட்கார்ந்ததும் டாக்டர் என்ன பிரச்சினை என்று கேட்டார். என் வாயிலிருந்து வந்தது "முதுகு வலி". வாத்தியார் ஐயா, உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன். அவர் முதுகைத் தட்டிப் பார்த்து, எழுந்து நிற்கச் சொல்லி, குனியச் சொல்லி, எல்லாம் ஆயிற்று. மருந்து எழுதத் தொடங்கிவிட்டார். சட்டைப் பையில் மனைவி எழுதிக் கொடுத்த காகிதம் இருந்தது. அதை எடுத்து மேசையில் வைத்தேன். ஆறு வரி. கடைசி வரி: 'சிரிச்சுப் பார்த்து ஒம்பது வருஷம் ஆச்சு.' சீன டாக்டர், தமிழ் தெரியாது. நானே மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது குரல் கம்மிவிட்டது. அவர் பேனாவை வைத்துவிட்டு நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

ஒன்பது கேள்வித் தாள் ஒன்று கொடுத்தார், 27-க்கு மதிப்பெண். எனக்கு 11. ரத்தத்தில் தைராய்டு சரியாக இருந்தது. மாத்திரை தொடங்கியாயிற்று. உளவியலாளரைப் பார்க்க ஐந்து வாரம் கழித்து நாள் கிடைத்திருக்கிறது.

11 என்பது அதிகமில்லையே, நான் டாக்டரின் நேரத்தை வீணாக்குகிறேனோ என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

#10 அரைக்கதவு

அந்தத் தாள் கடந்த இரண்டு வாரத்தை மட்டும்தான் கேட்கும். இருபது வருஷமாக 11 என்றால் என்ன கணக்கு என்று அதற்குத் தெரியாது. லேசான காய்ச்சல் இரண்டு நாள் அடித்தால் யாரும் கவலைப்பட மாட்டோம். இரண்டு வருஷம் அடித்தால்? அப்புறம், இந்த மந்தத்தின் மேலேயே ஒரு பெருமனச்சோர்வு வந்து ஏறிக்கொள்வதும் அடிக்கடி நடப்பதுதான், 'இரட்டை மனச்சோர்வு' என்போம். ஏறியது இறங்கியதும் குணமாகிவிட்டது என்று வைத்தியத்தை நிறுத்திவிடுவார்கள். அடியில் இருந்தது அப்படியே இருக்கும்.

#11 கணக்கப்பிள்ளை

பணக் கணக்கை யாரும் பேசவில்லை. பலதுறை மருந்தகத்திலிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு பொது மருத்துவமனைக்குப் போனால் உதவித்தொகைக் கட்டணம். நேராகத் தனியார் மனநல மருத்துவரிடம் போனால் முழுக் கட்டணம். நாள்பட்ட நோய் நிர்வாகத் திட்டத்தின் கீழ் மெடிசேவ் (நம் மருத்துவச் சேமிப்புக் கணக்கு) பணத்தை எடுக்கலாம், பொதுவாக 15 விழுக்காடு கையிலிருந்து கட்ட வேண்டும். ஆனால் அந்தப் பட்டியலில் இருப்பது 'பெருமனச்சோர்வு'. உங்கள் மருத்துவர் எந்தப் பெயரில் பதிகிறார் என்று கட்டுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலை போகுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு: விண்ணப்பப் படிவத்தில் மனநோய் உண்டா என்று கேட்கக் கூடாது என்று முத்தரப்புக் கூட்டணி (அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்தது) 2020 தொடக்கத்திலேயே முதலாளிகளிடம் சொல்லிவிட்டது. மனநலத்தைக் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கும் வேலையிட நியாயச் சட்டமும் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. தனியார் காப்புறுதி மட்டும் தனிக் கதை. அதில் மறைத்தால் பின்னால் உதைக்கும்.

#12 கிராஞ்சி_அறை_எண்_12

அண்ணே, நாங்க ஒர்க் பெர்மிட். மெடிசேவ் எல்லாம் எங்களுக்குக் கிடையாது. ஆறு வருஷமா இதே மாதிரிதான் எனக்கும். ஊருக்குப் போன் போட்டா பேச எதுவும் வர மாட்டேங்குது, "சாப்பிட்டியா"னு கேட்டுட்டு வச்சிடுறேன். கம்பெனிக்குத் தெரிஞ்சா திருப்பி அனுப்பிடுவாங்களோன்னு பயம்.

#13 மருந்து_அலமாரி

தம்பி, ஹெல்த்செர்வ் என்று ஒரு தொண்டு அமைப்பு 2006-லிருந்து உங்களைப் போன்ற ஊழியர்களுக்காகவே நடக்கிறது. ஆலோசகர்கள் இருக்கிறார்கள், நெருக்கடி நேரத்துக்குத் தொலைபேசி உதவியும் உண்டு. முதலில் அவர்களிடம் பேசுங்கள். தனிச்செய்தி அனுப்புகிறேன், எப்படிப் போவது என்று சொல்கிறேன்.

#14 நெறியாளர்

இழை நன்றாகப் போகிறது. ஒரு குறிப்பு மட்டும். படிப்பவர்களில் யாருக்காவது உயிரை விடலாம் என்ற எண்ணம் இருந்தால், இங்கே பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். சிங்கப்பூர் அபயக்கரம் 1767, தேசிய மனநல உதவித் தொலைபேசி 1771, மனநலக் கழகம் 6389 2222. மூன்றும் 24 மணி நேரமும் உண்டு. உடனடி ஆபத்து என்றால் 995. தற்கொலை முயற்சி 2020 ஜனவரி முதல் இங்கே குற்றமில்லை. போலீஸ் வழக்காகுமே என்ற பயத்தில் அழைக்காமல் இருந்துவிடாதீர்கள்.

#15 ஈசூன்_தே_ஓ

சரி, மலாக்காவை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நிஜமாகவே ஒரு கேள்வி. மாத்திரை கொடுத்தாயிற்று, அப்புறம் பேச்சு எதற்கு? பேசினால் இருபது வருஷம் மாறிவிடுமா?

#16 அரைக்கதவு

நல்ல கேள்வி. 2000-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. நாள்பட்ட மனச்சோர்வு உள்ள 681 பேர், 12 வாரம். மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 48 விழுக்காட்டினருக்குப் பலன். பேச்சு மட்டும் என்றாலும் அதே 48. இரண்டும் சேர்ந்தபோது 73. வேடிக்கை என்னவென்றால், அதில் கொடுத்த நெஃபசோடோன் மாத்திரை ஈரலைப் பாதித்ததால் பிற்பாடு பல நாடுகளில் சந்தையை விட்டே போய்விட்டது. அந்தப் பேச்சு முறை நிலைத்துவிட்டது. ஜேம்ஸ் மெக்கல்லா என்ற உளவியலாளர் நாள்பட்ட மனச்சோர்வுக்கென்றே உருவாக்கியது அது.

அதில் குழந்தைப் பருவத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவதைவிட ஒரு சின்னச் சம்பவத்தைப் பிரித்துப் பார்ப்பதுதான் அதிகம். என்ன நடந்தது, நீ அதை எப்படி எடுத்துக்கொண்டாய், என்ன செய்தாய், எப்படி முடிந்தது, எப்படி முடிய வேண்டும் என்று விரும்பினாய். கடைசி இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் பாடம். வருஷக்கணக்கில் மந்தமாக இருந்தவருக்கு, நான் எதைச் செய்தாலும் ஒன்றும் ஆகாது என்று உள்ளே உறைந்து போயிருக்கும். அதை ஒவ்வொரு சம்பவமாகத்தான் அசைக்க முடியும். அலுப்பான வேலைதான், மறைக்கவில்லை.

#17 துவாஸ்_கிடங்கு

பதினோராவது வாரம். கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் மூன்று வாரம் குமட்டல். ஐந்தாவது வாரத்தில் ஒரு நாள் வரிசையில் நிற்கும்போது, முன்னால் இருந்தவர் மீ கோரேங் வாங்கினார். நான் தோசை கேட்டேன். தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. பெரிய ஆனந்தமெல்லாம் இல்லை. தோசை சுமாராகத்தான் இருந்தது.

உளவியலாளரிடம் இதுவரை மூன்று தடவை. அரைக்கதவு சொன்ன மாதிரியேதான். நான் கொண்டுபோன சம்பவம்: வெள்ளிக்கிழமை வேலைச் சகாக்கள் என்னைக் கூப்பிடாமல் தேக்காவுக்குச் சாப்பிடப் போனது. நான் எடுத்துக்கொண்டது: என்னை யாருக்கும் பிடிக்காது. நான் செய்தது: லாரிக்குப் பக்கத்தில் நின்று பிஸ்கட் சாப்பிட்டேன். விரும்பியது: கூடப் போக. "நீங்களும் வருகிறேன் என்று சொன்னீர்களா?" என்று கேட்டார். இல்லை. "அதற்கு முன்னால் அவர்கள் எத்தனை தடவை கூப்பிட்டிருப்பார்கள்?" எண்ணிப் பார்த்தேன். ஏழெட்டுத் தடவை இருக்கும். ஒவ்வொரு தடவையும் வரவில்லை என்றிருக்கிறேன். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை நானே கேட்டுப் போனேன். ஒருவர் என் பங்குக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துவிட்டார். நாளைக்கு நான் கொடுக்க வேண்டும்.

இன்னும் காலை 5.45 சுகமாக இல்லை. நல்ல நாள் இரண்டு வந்தால் பழைய நாள் மூன்று வருகிறது. ஆனால் இது நல்ல நாள், இது பழைய நாள் என்று எனக்கே வித்தியாசம் தெரிகிறது. முன்பு எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தது.

போன ஞாயிறு ஈஸ்ட் கோஸ்ட்டில் மகள் எங்களைப் படம் எடுத்தாள். எனக்குக் கண் மூடியிருக்கிறது, வாய் கோணியிருக்கிறது. அழித்துவிடு என்றேன். மனைவி விடமாட்டேன் என்கிறாள்.

#18 செங்காங்_மகள்

அழிக்கவே அழிக்காதீர்கள் அண்ணா.

#19 பெயர்_பிறகு

இப்போதுதான் முழு இழையும் படித்து முடித்தேன். வயது 26. திங்கட்கிழமை காலை 9.20-க்கு முன்பதிவு செய்துவிட்டேன். உள்ளே போனதும் முதல் வாக்கியம் என்ன சொல்வது?

#20 துவாஸ்_கிடங்கு

'எனக்கு இது ரொம்ப வருஷமா இருக்கு'ன்னு ஆரம்பிங்க தம்பி. வாய் வரலேன்னா காகிதம். முதுகு வலின்னு மட்டும் சொல்லிடாதீங்க, குனிய வச்சிடுவாங்க.